நஜீஸும் மாசும்: கம்பளைக் கங்கைக்கரையிலிருந்து சில குறிப்புகள்

கம்பளையில் மகாவலியைப் பெயர் சொல்லி அழைப்பவர்கள் குறைவு. 'கங்கை' என்றால் போதும். "கங்கைக்குக் குளிக்கப் போன", "கங்கை பெருகி ஈக்குது" என்றுதான் எங்கள் வீட்டுப் பேச்சு. அந்தக் கங்கையைப் பற்றி மாணவன் ஒருவன் எழுதிய ஒரு பக்கக் கட்டுரைதான் என்னை இந்தத் தேடலுக்குள் இழுத்துவிட்டது.

சில வருடங்களுக்கு முன், ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த கிழமை, பத்தாம் ஆண்டு மாணவர்களுக்குச் 'சூழல் மாசடைதல்' என்ற தலைப்பைக் கொடுத்தேன். எதிர்பார்த்த கட்டுரைகளே வந்தன: ஓசோன் படை, தொழிற்சாலைப் புகை, உருகும் பனி, துருவக் கரடி. பாடநூலில் உள்ளதைப் பிள்ளைகள் எழுதினார்கள், குற்றம் சொல்வதற்கில்லை. ஒருவன் மட்டும் வேறு விதமாக எழுதியிருந்தான். பெருநாள் மாலையில் கங்கைக்கரையில் சாக்கில் கட்டிப் போட்டிருந்த மாட்டுக் குடலைக் கண்டதையும், அதை நாய்கள் இழுத்ததையும், பக்கத்தில் உடுப்புக் கழுவிக்கொண்டிருந்த சிங்களப் பெண்ணொருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனதையும், தான் தொப்பியைக் கழற்றிப் பொக்கற்றில் வைத்துக்கொண்டதையும் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தான். நஜீஸ் பட்ட தண்ணீரில் வுழூச் செய்யக் கூடாது என்று மதரஸாவில் படித்தோம். நஜீஸைக் கங்கையில் கொட்டக் கூடாது என்று ஏன் யாரும் படித்துத் தரவில்லை?

கட்டுரையைப் பள்ளிவாசல் நிர்வாகத்தில் நெடுங்காலம் இருந்த ஹாஜியார் ஒருவரிடம் காட்டினேன். எண்பதை நெருங்கிய வயது. ஐந்து நேரமும் முதல் ஸப்பில் நிற்பவர். சாரத்தில் ஒரு சொட்டுச் சேறு பட்டாலும் வீட்டுக்குத் திரும்பிப் போய் மாற்றிக்கொண்டு வருபவர். வாசித்துவிட்டுச் சிரித்தார். "மாஸ்டர், ஓடுற தண்ணிக்கு ஒண்டும் ஆகாது. எங்கட வாப்பாமாரும் அங்கதான் போட்ட. கங்கை அள்ளிக்கிட்டுப் போயிரும்."

அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. இளையவர்களுக்கு அக்கறை இருக்கிறது, மூத்தவர்களுக்கு இல்லை என்று முடித்துவிடுவது இலகு. மேடைகளில் அப்படித்தான் பேசுகிறோம். ஆனால் அசுத்தத்தின் மீது அந்த ஹாஜியாருக்கு இருக்கும் அருவருப்பில் பாதிகூட என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கிடையாது. மேசைக்கடியில் டொபித் தாளைப் போட்டுவிட்டு ஓசோனைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர்கள். எனவே பிரச்சினை அக்கறை சம்பந்தப்பட்டதல்ல என்று தோன்றியது. எதை அழுக்கென்று கணக்கெடுக்கிறோம், எறிந்த அழுக்கு எங்கே போய் முடிகிறது என்று நம்புகிறோம்: இந்த இரண்டிலும்தான் தலைமுறைகள் பிரிந்து நிற்கின்றன. அந்தப் பிரிவுக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

முதலில் சொற்களைப் பார்ப்போம். தமிழ் படித்தவனுக்கு அந்தப் பழக்கம் விடாது. 'மாசு' பழைய சொல். திருக்குறளில் அது பெரும்பாலும் மனத்தின் குற்றம். காற்றும் நீரும் 'மாசடைவது' நவீனப் பாடநூல்கள் கொண்டுவந்த பிரயோகம். என் வாப்பா வாழ்நாளில் ஒருதடவையேனும் அந்தச் சொல்லைப் பேச்சில் பாவித்ததாக நினைவில்லை. அவரிடம் இருந்தவை 'நஜீஸ்', 'ஊத்தை', 'நாத்தம்', 'கலங்கல்' என்பன. நான்கும் கண்ணாலோ மூக்காலோ தொடுகையாலோ அறியப்படுபவை. என் மாணவர்களின் 'மாசு' அப்படியல்ல. அது பளிங்குபோல் தெளிந்த கிளாஸ் தண்ணீரிலும் இருக்கலாம். ஆய்வுகூடம் சொன்னால்தான் தெரியும். ஒரே கங்கையைப் பார்த்து இருவரும் வெவ்வேறு பொருளைப் பேசுகிறார்கள்.

ஹாஜியாரின் பேச்சுக்குப் பின்னால் பிக்ஹு இருக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் இரண்டு குல்லத் என்ற அளவு உண்டு. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 200 லீற்றர். அதற்குக் குறைந்த நீரில் நஜீஸ் பட்டாலே அது நஜீஸாகிவிடும். அதற்கு மேற்பட்ட நீர், நிறம், சுவை, வாசம் ஆகிய மூன்றில் ஒன்று மாறினாலன்றிக் கெடாது. பழைய பள்ளிவாசல்களின் ஹவுழ் இந்தக் கணக்கில்தான் கட்டப்பட்டது. கங்கையோ எத்தனை ஆயிரம் குல்லத்! அதில் ஒரு மாட்டுக் குடல் விழுந்து என்ன மாறிவிடப் போகிறது? சட்டத்தின்படி ஹாஜியார் சொன்னது பிழையில்லை.

ஆனால் அந்தச் சட்டம் பதில் சொல்லும் கேள்வி வேறு. இந்த நீரை எடுத்து நான் வுழூச் செய்யலாமா என்பதே தஹாரத்துப் பாடத்தின் கேள்வி. நான் விட்டுப் போகும் நீரை எனக்குக் கீழே இருப்பவன் என்ன செய்வான் என்பது இன்னொரு கேள்வி. அதற்கும் மார்க்கத்தில் இடமில்லாமலில்லை. மக்கள் நீரெடுக்கும் இடத்திலும் நடைபாதையிலும் நிழலிலும் மலங்கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் சாபத்துக்குரிய செயல்களாக எச்சரித்திருக்கிறார்கள். மூன்றும் மற்றவன் பாவிக்கும் இடங்கள். நம் மதரஸாக்களில் முதல் கேள்வியை மாதக்கணக்கில் ஓதினோம், இரண்டாவதை ஒரு ஹதீஸாகக் கேட்டுவிட்டுக் கடந்தோம் என்பது என் அபிப்பிராயம். உலமாக்கள் கோபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

கங்கை ஓடும் திசையைக் கொஞ்சம் பார்த்தாலே இரண்டாவது கேள்வியின் கனம் விளங்கும். கம்பளையைக் கடந்து அது பேராதனைக்குப் போகிறது. கெட்டம்பையில் கண்டியின் குடிநீருக்கு அதிலிருந்துதான் எடுக்கிறார்கள். கண்டி வாவியிலிருந்து நகரத்து ஊத்தையெல்லாம் சுமந்து வரும் மெத ஏல அங்கேதான் வந்து கலக்கிறது. இன்னும் கீழே கோஹாகொட. கண்டி நகரம் பல பத்தாண்டுகளாகக் கொட்டிய குப்பைமேடு அதே கங்கையின் ஓரத்தில். "கங்கை அள்ளிக்கிட்டுப் போயிரும்" என்றால் கண்டிக்கு அள்ளிக்கொண்டு போகும் என்று அர்த்தம். கண்டியிலும் நமக்குச் சொந்தபந்தம் இருக்கிறது.

ஓடும் நீருக்கு விதிவிலக்குக் கொடுத்தவர்கள் நாங்கள் மட்டுமல்ல. 1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை பொது ஊற்றையோ நீர்த்தேக்கத்தையோ அசுத்தப்படுத்துவதைக் குற்றமாக்கியது. அதற்கு மாதிரியாக அமைந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் அதே ஏற்பாட்டைப் பற்றி, 1880களில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது சுவையானது: ஓடும் ஆறு 'பொது ஊற்று' என்பதற்குள் அடங்காது. வெள்ளைக்கார நீதவானும் எங்கள் ஹாஜியாரும் ஒரே கட்சி! அதற்கு முன்பே, 1862இன் தொல்லைகள் கட்டளைச் சட்டம் வீதியோரக் குப்பை, நாறும் கான், செத்த மிருகம் என்று மூக்குக்கு எட்டும் சங்கதிகளைக் கவனித்துக்கொண்டது. அந்தக் காலத்து அரசுக்கும் அழுக்கென்பது நாற்றம்தான்.

அந்த நாற்றத்தையும் யார் சுமந்தார்கள் என்று கேட்க வேண்டும். வாளிக் கக்கூசு இருந்த காலத்தில் நம் நகரங்களை விடிவதற்கு முன் துப்புரவாக்கியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள். நாம் ஐவேளைச் சுத்தம் பேணினோம். அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தித் தண்ணீர் கொடுத்தோம். 'மாசு' என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே தமிழில் 'தீட்டு' என்றொரு சொல்லும் உட்கார்ந்திருக்கிறது. இஸ்லாத்தில் அதற்கு இடமில்லை என்று மேடையில் சொல்வோம். பின்வாசலில் இடம் கொடுத்திருந்தோம்.

கங்கையில் சேறு கலந்த கதையும் எங்கள் ஊரிலிருந்தே தொடங்குகிறது. ஜோர்ஜ் பேர்ட் என்ற ஆங்கிலேயர் 1820களில் இலங்கையின் முதலாவது பெருங்கோப்பித் தோட்டத்தைத் திறந்தது கம்பளைக்குப் பக்கத்திலுள்ள சிங்ஹபிட்டியவில். அதன்பின் மலைநாட்டுக் காடுகள் சரசரவென்று விழுந்தன. 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது. அடுத்த இருபது வருடங்களுக்குள் கோப்பி போய்த் தேயிலை வந்தது. மரம் போன மலைகளின் மண் மழைக்குக் கரைந்து கங்கைக்கு வந்தது. மண் காப்புச் சட்டம் 1951இல்தான் வந்தது. கோப்பித் தோட்டம் திறந்து நூற்று இருபத்தைந்து வருடங்களுக்கு மேல்! எங்கள் மூத்தாப்பாக்கள் அந்தச் செங்கலங்கலை இயற்கை என்றே நினைத்தார்கள். பிறந்தது முதல் பார்ப்பது எவருக்கும் இயற்கைதானே. என் மாணவர்களுக்குப் பொலித்தீன் தொங்கும் கரையோர மூங்கில் இயற்கையாகத் தெரிகிறதோ என்று சில வேளை பயப்படுகிறேன்.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. 1915 கலவரத்தின் முன்கதையாகிய கம்பளைப் பெரஹர வழக்கைப் பற்றி நம்மவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். வலஹாகொட தேவாலயத்தின் ஊர்வலம் அம்பகமுவ வீதிப் பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் அடிக்கலாமா என்பது வழக்கு. 1914இல் கண்டி மாவட்ட நீதிமன்றத்தில் தேவாலயம் வென்றது, 1915இல் உயர் நீதிமன்றம் அதைப் புரட்டியது. வீதியைப் பற்றியும் மேளத்தைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதினோம். ஊர்வலம் எங்கே போய்க்கொண்டிருந்தது என்பதை நாம் அவ்வளவாக விசாரிக்கவில்லை. அது பொத்தலப்பிட்டியவில் கங்கைக்கு, நீர்வெட்டுச் சடங்குக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் அயலவர்களுக்கு அந்த நீர் புனிதமானது. ஓடும் நீருக்கு ஒன்றும் ஆகாது என்று நாம் சொல்லும்போது யாருடைய நீர் என்பதும் அதற்குள் இருக்கிறது. கங்கைக்கரையில் மூக்கைப் பொத்திய அந்தப் பெண்ணை என் மாணவன் கண்டான்; தொப்பியைக் கழற்றினான். அவனுக்கு 1915 பற்றி ஒன்றும் தெரியாது.

இனி வாப்பாவின் காலத்துக்கு வருகிறேன். அவர் கடையில் கருப்பட்டி கமுகம் பாளையில் வரும். கருவாட்டைப் பழைய பேப்பரில் சுற்றுவார்கள். கந்தூரிச் சோற்றை ஸஹனில் ஆறு பேர் சுற்றியிருந்து உண்டார்கள். வீட்டுக்குக் கொடுத்துவிடும் நார்ஸா இலையில் போகும். மிஞ்சியதெல்லாம் கங்கைக்கோ வாழையடிக்கோ போகும். கங்கை அவற்றைத் தின்றது என்றே சொல்லலாம். அந்த வாழ்க்கையில் "கங்கை அள்ளிக்கிட்டுப் போயிரும்" என்பது அனுபவ உண்மை. சோம்பேறித்தனமாக அதைக் கருத முடியாது.

1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டது. நான் பிறந்தது அதற்குப் பின். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து கடையில் சொப்பிங் பேக் தொங்கிற்று. பாளை போனது, பேப்பர் போனது, ஹோட்டல் சோற்றுப் பார்சலின் வாழையிலை போய் லன்ச் ஷீட் வந்தது. பொருள் மாறியது, எறியும் கை மாறவில்லை. பத்துப் பன்னிரண்டு வயதில் இரவுக்கு இரவு கடைக் குப்பையைப் பேக்கில் கட்டிக் கங்கையில் போட்டுவந்தவன் நான்தான். "மகன், கொஞ்சம் தள்ளிப் போடு, கரையில தங்கப் படாது" என்பார் வாப்பா. கரையில் தங்கினால் ஊத்தை. நடு ஆற்றில் போனால் சுத்தம். இதைப் பிழையென்று எனக்கும் தோன்றவில்லை. பல்கலைக்கழகம் போய்ப் பேராதனைப் பாலத்தில் நின்று, கீழே அதே கங்கையில் பேக்குகள் மிதந்து வருவதைக் கண்ட அன்றுதான் என்னவோ செய்தது. அவற்றில் ஒன்று எங்கள் கடையுடையதாக இருந்திருக்கலாம்.

சட்டங்கள் வந்தன. 1980இல் தேசிய சுற்றாடல் சட்டம். அடுத்த வருடம் மத்திய சுற்றாடல் அதிகார சபை. 2007இல் 20 மைக்ரோனிலும் மெல்லிய பொலித்தீனுக்குத் தடை. 2017 ஏப்ரல் 14 புத்தாண்டு தினத்தில் மீதொட்டமுல்லக் குப்பைமேடு வீடுகளின் மேல் சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டபின், செப்டம்பரில் லன்ச் ஷீட்டுக்கும் ரெஜிபோம் பெட்டிக்கும் தடை. 2021இல் சிறு சஷேக்களுக்கு. தடைகளின் வரிசை நீளம். கடையில் போய்க் கேட்டுப் பாருங்கள், என்ன வேண்டும் என்று கேட்டுச் சுற்றித் தருவார்கள்.

இளையவர்களின் பக்கம் பேசும்போது ரத்துபஸ்வலவைச் சொல்லாமல் விட முடியாது. வெலிவேரியவை அடுத்த அந்தக் கிராமத்துக் கிணறுகளின் நீர் அமிலமாகிவிட்டதென்றும், ஒரு கையுறைத் தொழிற்சாலையின் கழிவே காரணமென்றும் மக்கள் குற்றஞ்சாட்டி வீதிக்கு இறங்கினார்கள். 2013 ஓகஸ்ட் 1ஆம் திகதி இராணுவம் சுட்டது. மூவர் இறந்தார்கள்; ஒருவன் 17 வயது மாணவன். அந்தக் கிணற்று நீரின் கோளாறு நிறத்திலோ வாசத்திலோ தெரிவதல்ல, பீஎச் அளவில் தெரிவது. கண்ணுக்குத் தெரியாத மாசுக்காக ஒரு தலைமுறை உயிரைக் கொடுத்தது நம் நாட்டில்தான் நடந்தது. இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் துருவக் கரடியை மறந்துவிட்டார்கள்.

அதற்காக இளையவர்களைத் தூக்கித் தலையில் வைக்கவும் நான் தயாரில்லை. கங்கைக்கரையைத் துப்புரவாக்க ஒரு முறை மாணவர்களைக் கூட்டிப் போனேன். உற்சாகமாக வேலை செய்தார்கள், வொட்சப்பில் படம் போட்டார்கள். பத்து மணிக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் போத்தல் தண்ணீர், பகல் பொலித்தீனில் சுற்றிய சோறு. நாங்கள் பொறுக்கிய மூட்டையைவிட எங்கள் சாப்பாட்டு மூட்டை பெரிதோ என்று எனக்குச் சந்தேகம். சோற்றுப் பார்சலுக்கு ஓடர் கொடுத்தது நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாப்பாவின் வாழ்நாள் குப்பையை எடைபோட்டால் என் மாணவன் ஒருவனின் சில வருடக் குப்பைக்கு வராது. மாசு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது, செய்தது கொஞ்சம். இவர்களுக்குத் தெரியும்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் கங்கை ஊருக்குள் வந்தது. உயிர்களும் வீடுகளும் போன அந்த நாட்களை இங்கே விரிக்க மனமில்லை. உறவினர் வீடொன்றில் சேறு அள்ளப் போனபோது கண்டதை மட்டும் சொல்கிறேன். 1947 ஓகஸ்ட் பெருவெள்ளத்தைப் பற்றி எங்கள் மூத்தாப்பா சொல்லும் கதையில் வெள்ளம் வற்றியபின் வீட்டில் கிடந்தவை வண்டல், மரக்கட்டை, செத்த கோழி. அந்த வண்டலை அள்ளி வாழைக்குப் போட்டார்களாம். இம்முறை மண்வெட்டி சேற்றில் இறங்கவில்லை. அடுக்கடுக்காகப் பொலித்தீன் பின்னிக் கிடந்தது. மேலே யாரோ, எப்போதோ, நடு ஆற்றில் போட்டவை. எங்களுக்கு மேலேயும் ஊர்கள் உண்டென்பதைக் கங்கை கொண்டுவந்து காட்டிற்று. அந்தச் சேற்றை எந்த வாழைக்கும் போட முடியவில்லை.

மூத்தவர்கள் மாற மாட்டார்கள் என்பதும் அப்படியே ஏற்கக்கூடியதல்ல. இஸ்லாமியச் சுற்றாடல் சிந்தனையை உலகளவில் கொண்டுசென்றவர்களுள் முக்கியமானவர் பஸ்லுன் காலித். 1932இல் இந்த இலங்கையில் பிறந்தவர். இங்கிலாந்தில் குடியேறி 1990களில் அதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். ஸன்ஸிபாரின் மிஸாலித் தீவில் டைனமைட் வைத்து மீன் பிடித்தவர்களை அரசின் தடையால் நிறுத்த முடியவில்லை. குர்ஆனை வைத்து நடத்திய பயிற்சியில் அந்த மீனவர்கள் இணங்கினார்கள். 2015இல் இஸ்தன்பூலில் வெளியான காலநிலை மாற்றம் பற்றிய இஸ்லாமியப் பிரகடனத்தின் பின்னாலும் அவர் இருந்தார். அப்போது அவருக்கு எண்பதைக் கடந்த வயது. நம் ஊரில் பிறந்த இவரை நம் பிள்ளைகளுக்கு நாம் அறிமுகம் செய்யவில்லை.

மிஸாலிக் கதையைத்தான் நான் ஹாஜியாரிடம் சொன்னேன். மாணவனின் கேள்வியையும் திரும்ப வைத்தேன். ஒன்றும் பேசவில்லை. உழ்ஹிய்யாக் கழிவைப் புதைக்கச் சொல்லி ஜம்இய்யத்துல் உலமா வருடாவருடம் வழிகாட்டல் வெளியிடுவதை இமாம் எடுத்துச் சொன்னபோது, "அது கொழும்புக்கு" என்றார் ஒருவர். கொமிட்டியில் கொஞ்சம் சத்தமும் போட்டார்கள். அடுத்த ஹஜ்ஜுக்கு நாலு நாள் இருக்கும்போது ஹாஜியார் என்னைக் கூப்பிட்டுத் தன் காணியின் மேட்டு மூலையைக் காட்டினார். "தண்ணிக்குத் தூரமா ஈக்கணும். ஆள் உயரத்துக்குத் தோண்டுங்க. மேல சுண்ணாம்பு போடாட்டி நாய் கிளறும்." இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். சின்ன வயதில் மாடு செத்தால் அப்படித்தான் புதைத்தார்களாம். ஓடும் நீர் பக்கத்தில் இல்லாத தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

குழியைப் பையன்கள் வெட்டினார்கள். ஹாஜியார் கதிரை போட்டு உட்கார்ந்து ஆழம் பார்த்தார். பெருநாளன்று வீடு வீடாகக் கழிவு வந்தது, எல்லாம் சொப்பிங் பேக்கில் கட்டி. பேக்கோடு குழிக்குள் எறியப் போனவன் அந்தக் கட்டுரையை எழுதிய அதே மாணவன்.

"மகன், நில்லு" என்றார் ஹாஜியார். "அந்த பேக் மக்காதாமே. மாஸ்டர்தான் சொன்ன. கொட்டிட்டு பேக்க இங்கால போடு."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பின்னேரம் வரை ஹாஜியாரின் கதிரைக்குப் பக்கத்தில் இரத்தம் தோய்ந்த பேக்குகள் குவிந்துகொண்டிருந்தன. அவற்றை எங்கே கொண்டுபோவதென்று எங்கள் மூவருக்கும் தெரியவில்லை. மறுநாள் நகர சபை லொறி வந்தபோது, நஜீஸ் பட்டதை ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.